மார்வாவின் நாற்காலி

கப்பலின் மூக்குப் பக்கத்து மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பனியாற்றைப் பார்க்கப் போகிற நாளில் அந்த வரிசைக்குத்தான் அடிபிடி. அதனால் வெர்லா, காப்பி ஊற்றுகிற ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து இரண்டு நாற்காலிகளைப் பிடித்துவிட்டாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள். மற்றதன்மேல் கப்பலில் கொடுத்த கட்டம் போட்ட கம்பளியை விரித்து, அதற்கு மேலே ஊதா நிற ஜாக்கெட் ஒன்றை, அதன் கைகள் இரண்டும் நாற்காலியின் கைப்பிடிகளில் விழும்படி சாத்தி வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும். தோன்றத்தான் செய்தது.

வெர்லா போட்டிருந்ததும் அதே ஊதா ஜாக்கெட்தான். போன குளிர்காலத்தில் தபாலில் ஜோடியாக வரவழைத்தது. ஒன்று அவளுக்கு, ஒன்று மார்வாவுக்கு. மார்வாவுடையதில் கழுத்தில் தொங்குகிற விலை அட்டையைக்கூட இன்னும் யாரும் பிய்க்கவில்லை. வெர்லா அந்த அட்டையை உள்ளே மடித்து மறைத்தாள்.

மார்வா கப்பலிலேயே இல்லை.

அமெரிக்காவில் ஐடஹோவில் உருளைக்கிழங்கு உறையவைக்கிற ஆலையில் இரண்டு பேரும் கிழங்கு ஓடுகிற ஒரே பட்டைக்கு எதிரெதிரே நின்றவர்கள். ஓடுகிற பட்டையில் கறுத்தது, பச்சை விழுந்தது, புழு அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கி வீசுகிற வேலை. இயந்திரச் சத்தத்தில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பேச்சென்றால் வாயசைவுதான். குனிந்த தலையைக் கொஞ்சம் தூக்கி, உதட்டை அசைத்து, மறுபடி குனிந்துகொள்வார்கள். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் பேசித் தீர்த்தார்கள். புருஷன் கதை, பிள்ளை கதை, மேஸ்திரியைத் திட்டுவது எல்லாம் உதட்டில்தான். வேலை முடிகிற வருஷம் அலாஸ்காவுக்குக் கப்பலில் போவோம் என்று முடிவு செய்ததும் அந்தப் பட்டைக்கு மேலேதான்.

பெட்டி கட்டி வைத்த பிறகு மார்வா போன் செய்தாள். அவள் புருஷன் டுவெய்ன் வேறு திட்டம் போட்டிருந்தான்.

“கோச்சுக்காதடி வெர்லா. டுவெய்னுக்கு அரிசோனா போகணுமாம். வீடு மாதிரி வண்டி வாங்கியிருக்கான்ல, அதுல. கப்பல்னா அவனுக்கு ஒத்துக்காது.”

“நான் உன்னத்தானே கூப்பிட்டேன். அவன யாரு கூப்பிட்டா?”

“அப்படிச் சொன்னா எப்படி? இப்ப என்ன, நீ போய்ட்டு வா. நெறைய போட்டோ எடுத்து அனுப்பு.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. கெட்ட கிழங்கைப் பொறுக்கி வீசுகிற மாதிரி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெர்லா கிளம்பி வந்துவிட்டாள். தனியாக வருவதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை, முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும். சாப்பாட்டுக் கூடத்தின் மறுகோடியில் முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி தன் மேஜைக்காரர்களிடம் ஏதோ சொன்னாள். வெர்லாவின் காதுக்கு அது எட்டியிருக்காது. கண்ணுக்கு எட்டியது. “பாவம், அந்தம்மா தனியா வந்திருக்கு. யாருமே இல்ல போல.” மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ரொட்டியைப் பிய்த்தார்கள். ஆலை அவளுக்குக் கொடுத்ததில் கை வலி, காது மந்தம் இரண்டையுமாவது வீட்டில் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள முடிந்தது. இந்த உதடு படிக்கிற கண்ணை என்ன செய்வது? மூடிக்கொண்டு சாப்பிட முடியுமா?

மறுநாள் பரிமாறுகிறவன் கேட்டபோது, “என் சிநேகிதி ரூம்ல படுத்திருக்கா” என்றாள். சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது. அதற்குப் பிறகு அதை நிறுத்த முடியவில்லை. தினம் காலையில் அறையை விட்டுக் கிளம்புமுன் அடுத்த கட்டிலின் போர்வையையும் இழுத்துக் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் வருவாள். அறையைச் சுத்தம் செய்கிற நியோமன் பாலித் தீவுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் இரண்டு கட்டிலையும் விரித்து, இரண்டு தலையணையிலும் ஒவ்வொரு சாக்லேட் வைத்து, துண்டை மடித்து இதில் ஒரு யானையும் அதில் ஒரு குரங்கும் செய்து உட்காரவைத்துவிட்டுப் போவார். மார்வாவின் சாக்லேட்டையும் வெர்லாதான் தின்றாள். குரங்கை மட்டும் பிரிக்க மனசு வரவில்லை.

இன்றைக்குக் கப்பல் எந்த ஊரிலும் நிற்காது. மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிற குடாவுக்குள் மெதுவாக ஊர்ந்து போய், கடலில் வந்து விழுகிற பனியாற்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வரும். உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர யாருக்கும் ஒரு வேலையும் இல்லாத நாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாலில் ஒரு சொட்டு நீலம் விட்டது போல ஒரு நிறம். சின்னச் சின்னப் பனிக்கட்டிகள் கப்பலை ஒட்டி மிதந்து பின்னால் போயின. ஒன்றின்மேல் ஒரு கடல்நாய் படுத்துக்கொண்டு, இந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம் நகர்ந்து போவதை அலட்சியமாகப் பார்த்தது.

“இங்க ஆள் இருக்கா?”

கேட்டது வெர்லாவுக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்து. குட்டையான, கன்னம் சிவந்த பெண்மணி. பின்னால் அவள் புருஷன் இரண்டு காப்பியையும் சிந்தாமல் ஏந்திக்கொண்டு நின்றார்.

“இல்ல, உக்காருங்க.”

“அப்ப அந்தப் பக்கம்?”

“அது என் சிநேகிதியோடது. இப்ப வந்துருவா.”

பெண்மணியின் பெயர் பெர்னடீன். புருஷன் ஆர்வில். கனடாவில் சஸ்காச்சுவனில் கோதுமை விளைவித்தவர்கள். பெர்னடீன் அதோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். இதையெல்லாம் காப்பி ஆறுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவள் பேசும்போது முகத்தை நேராகத் திருப்பிப் பேசினாள். நோயாளிகளிடம் பேசிப் பழகிய வழக்கம். வெர்லாவுக்கு அது பிடித்துப் போயிற்று. இத்தனை நாளில் கப்பலில் ஒருவர் முழுசாக அவளைப் பார்த்துப் பேசியது இதுதான் முதல்.

“ஜாக்கெட்டு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. அக்கா தங்கச்சியா?”

“அதுக்கும் மேல” என்றாள் வெர்லா.

“கேட்டீங்களா ஆர்வில்? நம்ம கல்யாண நாளுக்கு ஒரே மாதிரி சட்டை எடுக்கலாம்னா ஓடுனீங்களே!”

“சர்க்கஸ்ல சேந்த மாதிரி இருக்கும்னுதான் ஓடுனேன்” என்றார் ஆர்வில், காப்பியில் இருந்து முகத்தை எடுக்காமல்.

வெர்லா சிரித்தாள். மார்வா ஆலையில் தன்னை எப்படிச் சிரிக்க வைப்பாள், மேஸ்திரியின் நடையை எப்படி நடந்து காட்டுவாள் என்றெல்லாம் சொன்னாள். பெர்னடீன் விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்லச் சொல்ல மார்வா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள் போலவே இருந்தது.

ஆனால் நேரம் போனால் நாற்காலி சும்மா இருக்குமா? தளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் வந்தார். கப்பலில் ஒரு சட்டம் உண்டு. ஆள் இல்லாமல் துணி மட்டும் கிடக்கிற நாற்காலியில் ஒரு சிவப்பு அட்டையைச் செருகிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போதும் ஆள் இல்லையென்றால் துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் அட்டையைக் கையில் எடுத்ததும் பெர்னடீன் எழுந்தே விட்டாள்.

“தம்பி, அந்த அட்டைய எடுத்துட்டு நீ போ. ஆள் இருக்கு. நான் சொல்றேன்ல!”

அவர் போய்விட்டார். பொய் வெர்லாவுக்கு மட்டும் சொந்தமாக இருந்தவரைக்கும் பாரம் தெரியவில்லை. இன்னொருத்தி தோள் கொடுத்ததும் கனத்தது.

இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. தளத்தில் கூட்டம் சேர்ந்தது. ஆட்கள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து கம்பி ஓரத்தில் நின்றார்கள். விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடுப்பில் அறுவை செய்த நடை. கால் தரையில் படுவதற்கு முன்பே முகம் சுளித்தது.

“இது காலியா?” என்றார், ஜாக்கெட்டைக் காட்டி.

வெர்லா வாயைத் திறந்தாள். அதற்குள் பெர்னடீன் முந்திக்கொண்டாள்.

“ஆள் இருக்குங்க. அந்தம்மாவோட சிநேகிதி. பின்னால பாருங்க, இருக்கும்.”

“பின்னால எல்லாம் பாத்துட்டேன்” என்றார் அவர். சண்டைக்கு நிற்கவில்லை. நகர்ந்து போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். வெர்லாவின் பார்வைக்கு நேராகவே நின்றார்.

“ஆமா, காலையிலேர்ந்து எங்கதான் போனாங்க உங்காளு?” என்றாள் பெர்னடீன். இப்போது குரல் மாறியிருந்தது. “பனியாறு வரப்போவுது. இதுக்குத்தானே வந்தது?”

அப்போதுதான் வெர்லா அந்தத் தப்பைச் செய்தாள். தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். குளிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் சுவரோரம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் புத்தி தடுமாறி, “அவளுக்கு வயிறு சரியில்ல. ராத்திரியெல்லாம் வாந்தி” என்றாள்.

“வாந்தியா? கடல் தட்டு மாதிரி கெடக்கு, இதுல என்ன வாந்தி?”

“அவளுக்கு எதுலயும் வரும்.”

“பச்சை ஆப்பிள் குடுத்தீங்களா? உப்பு பிஸ்கட்? இருங்க, நான் எடுத்துட்டு வரேன்.” சொல்லிக்கொண்டே பெர்னடீன் உள்ளே போனாள்.

ஆர்வில் தலையை ஆட்டினார். “இனிமே யாராலயும் நிறுத்த முடியாது. எனக்கு ஒரு தடவ விக்கல் வந்துச்சு, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு.”

பெர்னடீன் திரும்பி வர வெகுநேரம் ஆனது. கையில் மூன்று பச்சை ஆப்பிளும் காகிதத்தில் சுற்றிய பிஸ்கட்டும் இருந்தன. அவற்றை வெர்லாவின் மடியில் வைத்தவள் உட்காரவில்லை.

“கண்ணு, நான் சொன்னா நீ கோச்சுக்கக் கூடாது. கப்பல் டாக்டர் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துட்டேன். வாந்திங்கறது சின்ன விஷயமில்ல. ஒரு ரூம்ல ஆரம்பிச்சா கப்பல் பூரா ஓடிரும். போன தடவ நாங்க வந்த கப்பல்ல அப்படித்தான் ஆச்சு, பாதிப் பேரு படுக்கையில. உன் ரூம் நம்பர்தான் தெரியல, பேரைச் சொன்னேன். அவங்க பாத்துக்குவாங்க.”

வெர்லா மடியில் இருந்த ஆப்பிள்களையும் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாகத் தன் பைக்குள் போட்டாள். சற்று நேரத்தில் தளத்து ஆள் வந்து குனிந்து, “மேடம், உங்க ரூமுக்கு வரச் சொல்றாங்க” என்றார்.

“போய்ட்டு வா கண்ணு. ரெண்டு நாற்காலியும் நான் பாத்துக்கறேன். ஒரு பய உக்கார மாட்டான்” என்றாள் பெர்னடீன்.

வெர்லாவின் அறை கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. கதவுக்கு வெளியே நடைவழியில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு கப்பல் நர்ஸ் நின்றாள். முகமூடி, கையுறை. பக்கத்தில் நியோமன், அவருக்கும் முகமூடி.

நர்ஸ் பேசினாள். வெர்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகமூடிக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான்.

“வாய் தெரியற மாதிரி பேசுங்க. எனக்குக் காது மந்தம்.”

நர்ஸ் முகமூடியை எடுக்கவில்லை. குரலை உயர்த்தினாள். இப்போது நடைவழி முழுக்கக் கேட்டிருக்கும்.

“இந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான்னு எங்க கம்ப்யூட்டர் சொல்லுது. வாந்தி எடுத்தது யாரு?”

“யாரும் எடுக்கல.”

“உங்க பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்களே. சிநேகிதிக்கு வாந்தின்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

“சிநேகிதி இல்ல.”

“அதான் கேக்கறேன். சிநேகிதி இல்லன்னா வாந்தி உங்களுக்கு. சரியா?” நர்ஸின் கண்கள் கடுமையாக இல்லை, களைத்திருந்தன. “பாருங்க மேடம், எல்லாரும் இப்படித்தான் மறைப்பாங்க. ரூம்ல அடைச்சு வெச்சுருவோம்னு பயம். ஆனா அடைச்சுத்தான் ஆகணும். ரெண்டு நாளு. சாப்பாடு கதவண்ட வரும்.”

“ரெண்டு நாளா? பனியாறு இன்னிக்கு!”

“டிவியில காட்டுவாங்க.”

நடைவழியின் கூரையில் இருந்த ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. மேலே தளத்தில் எல்லாருடைய கால்களும் ஒரே பக்கமாக ஓடுவது சுவர் வழியாக அதிர்ந்தது. வந்துவிட்டது என்று வெர்லாவுக்குப் புரிந்தது. எத்தனை வருஷம் பட்டைக்கு மேலே உதட்டால் பேசிப் பேசி வைத்திருந்தது! இப்போது சொல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சொல்ல வேண்டியதோ நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை நாளும் போர்வையைக் கலைத்தாள்.

“எங்கூட யாரும் வரல” என்றாள். “வரேன்னு சொன்னவ வரல. தனியா வந்திருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பொய் சொன்னேன். வாந்தியும் பொய்தான். எனக்கு ஒண்ணுமே இல்ல.”

நர்ஸ் நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது? அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கட்டிலிலும் போர்வை கலைந்து கிடந்தது. நியோமன் இன்றைக்கு இன்னும் சுத்தம் செய்ய உள்ளே போயிருக்கவில்லை.

“ரெண்டு பேரு படுத்த மாதிரில்ல இருக்கு?”

அப்போது நியோமன் தன் முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்தார். நர்ஸ் முறைத்தும் அவர் மறுபடி ஏற்றவில்லை. வெர்லாவைப் பார்த்து, அவளுக்குத் தெரிய வேண்டும் என்றே மெதுவாக, உதடு பிரித்துப் பேசினார்.

“சிஸ்டர், அந்தக் கட்டில்ல இதுவரைக்கும் யாரும் படுக்கல. முதல் நாள்லேர்ந்தே எனக்குத் தெரியும். போர்வைதான் கலைஞ்சிருக்கும். தலகாணியில தல வெச்ச பள்ளம் இருக்காது. ஒரு முடி இருக்காது. குளியல் ரூம்ல ஒரு பிரஷ்தான். வாந்தி எடுத்திருந்தா நான்தான் மொதல்ல பாத்திருப்பேன், நான்தானே கழுவறவன்.”

“தெரிஞ்சும் ரெண்டு கட்டிலையும் போட்டீங்களா?” என்றாள் நர்ஸ்.

“அவங்க கலைச்சாங்க. நான் போட்டேன்” என்றார் நியோமன்.

நர்ஸ் வெர்லாவின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் காட்டினாள். நாக்கை நீட்டச் சொன்னாள், வயிற்றை அமுக்கினாள். கடைசியில் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “போங்க மேடம். போய்ப் பாருங்க. இனிமே வாந்தின்னு மட்டும் சொல்லாதீங்க. வேற எந்தப் பொய் வேணாலும் சொல்லுங்க” என்றாள்.

வெர்லா நியோமன் பக்கம் திரும்பினாள். “குரங்கு நல்லா இருந்துச்சு” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு முகமூடியை ஏற்றிக்கொண்டார். அவருக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள் பாக்கி.

மேலே போனபோது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே அவள் நின்றுவிட்டாள். தளம் முழுக்க முதுகுகள். முதுகுகளுக்கு மேலே, வானத்துக்குப் பாதி உயரத்துக்கு, வெட்டிப் பிளந்த நீல வெள்ளைச் சுவர். அதன் எதிரே கப்பல் அப்படியே நின்றிருந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். பெர்னடீன் மட்டும் பனியாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு நாற்காலிக்கும் நடுவே கையை இடுப்பில் வைத்து நின்றாள். ஒரு இளைஞன் ஜாக்கெட்டைத் தள்ளி உட்காரப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. “எந்திரி. உடம்பு சரியில்லாத பொம்பள வரப் போவுது.” அவன் எழுந்து போனான். பெரியவர் அதே சுவரோரம்தான், இரண்டு கையாலும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு.

இங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பெர்னடீன் தேடுவாள், நாளைக்கு மறந்துவிடுவாள். கதவின் பிடியில் கை வைத்தபடி வெர்லா அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளிவிட்டாள். குளிர் முகத்தில் அறைந்தது.

“என்ன சொன்னாங்க? எப்படி இருக்கா?” என்றாள் பெர்னடீன்.

வெர்லா குனிந்து மார்வாவின் ஜாக்கெட்டை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். காதுமந்தக்காரர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவள் சொன்னது பக்கத்து வரிசைகள் வரைக்கும் கேட்டது.

“யாரும் இல்லங்க. சிநேகிதி வரவே இல்ல. நான் தனியாத்தான் வந்தேன்.”

இரண்டு மூன்று தலைகள் பனியாற்றை விட்டு இந்தப் பக்கம் திரும்பின.

பெர்னடீனுக்குப் புரிய நேரம் பிடித்தது. “அப்ப வாந்தி?”

“அதுவும் இல்ல.”

“அப்ப காலையிலேர்ந்து நான் யாருக்குக் காவல் காத்தேன்?”

“எனக்கு” என்றாள் வெர்லா.

ஆர்வில் சட்டென்று சிரித்துவிட்டார். பெண்டாட்டி பார்த்த பார்வையில் சிரிப்பைக் காப்பிக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டார். பெர்னடீனின் கன்னச் சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியது. “நான் அந்தப் பெரியவர வெரட்டினேன்” என்றாள். “கால் நோவோட நிக்கற மனுஷன. உனக்காக.” பையை எடுத்தாள், கம்பளியை எடுத்தாள், ஆர்விலின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தளத்தின் மறுபக்கம் போனார்கள்.

போனவள் கம்பியோரம் நின்று புருஷனிடம் ஏதோ சொன்னாள். வெர்லா பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள். ‘பாவம்’ என்றுதான் வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

வந்தது, “பொய்க்காரி.”

வெர்லா மூச்சை விட்டாள். அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் பொய்க்காரி என்பது அவள் செய்த ஒன்றுக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள முடிந்தது.

சுவரோரத்துப் பெரியவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் உடனே வரவில்லை.

“ஆள் வருமே?” என்றார்.

“வராது. நீங்க உக்காருங்க.”

அவர் கைத்தடியைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு மூட்டாக மடக்கி, பெருமூச்சோடு உட்கார்ந்தார். நன்றிகூடச் சொல்லவில்லை. ஏன் இத்தனை நேரம் நிற்க வைத்தாய் என்றும் கேட்கவில்லை. வெர்லாவும் உட்கார்ந்தாள். மார்வாவின் ஜாக்கெட்டை மடியில் போர்த்திக்கொண்டாள். அட்டை வெளியே தொங்கியது. அவள் மறைக்கவில்லை.

பனிச்சுவரில் ஒரு வீட்டளவு துண்டு பிளந்து சரிந்தது. முதலில் சரிவுதான் தெரிந்தது. தண்ணீர் மேலே எழுந்து விழுந்து, வட்டமாகப் பரவி வரத் தொடங்கிய பிறகுதான் சத்தம் வந்தது. காதில் இல்லை, நெஞ்செலும்பில் வந்து இடித்தது. வெர்லா பழக்கத்தில் தலையைத் தூக்கி, பக்கத்து நாற்காலியைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். “பாத்தியா?”

“என்ன?” என்றார் பெரியவர்.

“ஒண்ணுமில்ல.”

அவர் மறுபடி பனியைப் பார்த்தார். கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பியது. எல்லாருக்கும் ஒருமுறை பார்க்கக் கொடுத்துவிட்டு வந்த வழியே நகரத் தொடங்கியது. கூட்டம் கலைந்தது. குளிருக்கு இதமாக உள்ளே பட்டாணி சூப் ஊற்றுவதாக யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். வெர்லா போட்டோ ஒன்றும் எடுக்கவில்லை. மார்வா கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம்.

பெரியவர் எழுந்தார். கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

“இதக் கொஞ்சம் பாத்துக்குங்க. சூப் வாங்கிட்டு வரேன்.”

“பாத்துக்கறேன்.”

அவர் நொண்டி நொண்டிக் கதவுக்குள் போனார். வெகுநேரம் ஆனது. வரிசை நீளமாக இருக்கலாம். கால் வலியில் உள்ளேயே எங்காவது உட்கார்ந்திருக்கலாம். அங்கே பேச்சுத் துணைக்கு யாராவது கிடைத்திருக்கலாம். பனிச்சுவர் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. தளத்தில் வெர்லாவைத் தவிர அங்கொருவர் இங்கொருவர்தான் இருந்தார்கள்.

தளத்து ஆள் கம்பளிகளை மடித்துக்கொண்டே வந்தார். தொப்பியைப் பார்த்தார். காலையில் ஜாக்கெட் கிடந்த அதே நாற்காலி. வெர்லாவைப் பார்த்தார்.

“மேடம், இதுல ஆள் இருக்கா?”

“இருக்கு” என்றாள் வெர்லா. “வருவாரு.”

அவர் சிவப்பு அட்டையைச் செருகிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். பனியில் இருந்து காற்று கிளம்பி வந்து தொப்பியின் ஓரத்தைத் தூக்கியது. வெர்லா பையைத் துழாவினாள். பெர்னடீன் கொடுத்த ஆப்பிள்களில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தொப்பியின்மேல் வைத்தாள். அது உருளாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.